எம்.எல்.ஏ. சம்பளத்தை நீங்களே முடிவு செய்யலாம்: அரிசோனா வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாண்ட்லரில் ஒரு நண்பர் வீட்டு தீபாவளி விருந்து. "நம்ம தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு வருஷத்துக்கு 24,000 டாலர்தானாமே?" என்று ஒருவர் ஆரம்பித்தார். பிரியாணி ஆறிப்போகிற அளவுக்குப் பேச்சு நீண்டது. அன்று கேட்கப்பட்டவற்றையும், அப்புறம் வாட்ஸ்அப்பில் தனியாக வந்தவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தச் சம்பளத்தை வாக்கெடுப்பில்தான் முடிவு செய்கிறார்கள் என்பதும், நாள் கணக்கில் தரும் செலவுப்படிக்கு அந்த வாக்கெடுப்பு கிடையாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே அந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம்.

உண்மையிலேயே 24,000 டாலர்தானா?

ஆமாம். 1998 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட தொகை அது. அதற்கு முன் 15,000 டாலர். 1999 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டில் 24,000 டாலர் கொடுத்து வாங்கியதை 2024இல் வாங்க ஏறத்தாழ 45,000 டாலர் வேண்டும். கால் நூற்றாண்டு விலைவாசி அப்படி ஏறியிருக்கிறது. சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

மொத்தம் 30 தொகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செனட்டர், இரண்டு பேரவை உறுப்பினர்கள். ஆக 90 பேர். எல்லோருக்கும் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. ஒருவர் இடுப்பொடிய வேலை பார்த்தாலும் சரி, ஒரு மசோதாகூடக் கொண்டுவராமல் இருந்தாலும் சரி, அதே 24,000.

மற்ற எத்தனையோ விஷயங்களுக்குச் சட்டமன்றமே சட்டம் போடுகிறது. இதை மட்டும் ஏன் மக்களிடம் கேட்கிறார்கள்?

தன் சம்பளத்தைத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. மாநில அரசியல் சட்டம் இதற்கென்று ஐந்து பேர் கொண்ட ஒரு சம்பள ஆணையத்தை வைத்திருக்கிறது. இருவரை ஆளுநர் நியமிப்பார். செனட் தலைவர், பேரவைத் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோர் ஆளுக்கு ஒருவரை நியமிப்பார்கள். ஐவரும் அரசுப் பதவியில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எவ்வளவு தரலாம் என்று ஆணையம் ஒரு தொகையைச் சொல்லும். அது மாநிலச் செயலர் வழியாக அடுத்த பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டில் ஏறும். பெரும்பான்மை "ஆம்" என்றால், அடுத்து கூடும் வழக்கமான கூட்டத்தொடரிலிருந்து புதுச் சம்பளம். தனியாக ஒரு சட்டம் போட வேண்டியதில்லை, ஆளுநர் கையெழுத்தும் வேண்டாம்.

ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும்கூட இதே ஆணையம்தான் தொகை சொல்கிறது. ஆனால் அது மக்கள் வாக்கெடுப்புக்கு வராது. எம்.எல்.ஏ.க்களை மட்டும்தான் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்.

வாக்குச்சீட்டில் அந்தக் கேள்வி எப்படி இருக்கும்?

2014இல் வந்தது முன்மொழிவு 304. அரிசோனா வாக்குச்சீட்டின் நீளம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஆளுநரில் ஆரம்பித்து, மாநிலப் பதவிகள், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பதவிகள், பள்ளி வாரியம் என்று போய், பெயரே கேள்விப்படாத நீதிபதிகளின் நீண்ட வரிசையைத் தாண்டினால்தான் முன்மொழிவுகள் வரும். நானும் என் மனைவியும் சமையலறை மேசையில் சீட்டை விரித்து வைத்து, கறுப்புப் பேனாவால் வட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்ததில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காபி இரண்டாம் சுற்று ஆகிவிட்டது.

கேள்வி என்னவோ மிகச் சின்னது. சட்டமன்றச் சம்பளம் குறித்த ஆணையத்தின் பரிந்துரையை ஏற்கலாமா என்று ஒரு வாக்கியம். கீழே இரண்டு வரி: தற்போதைய சம்பளம் 24,000 டாலர், முன்மொழியப்படும் சம்பளம் 35,000 டாலர். அதற்கும் கீழே ஆம், இல்லை. அவ்வளவுதான். கடைசியாக எப்போது உயர்த்தினார்கள் என்றோ, எத்தனை நாள் வேலை என்றோ, இதற்கு மேல் படி எவ்வளவு வருகிறது என்றோ அந்தக் கட்டத்துக்குள் ஒரு சொல் கிடையாது. எந்தப் பின்னணியும் தெரியாமல் அந்த இரண்டு எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, யாரோ ஒருவர் ஒரே தாவலில் 11,000 டாலர் கூடக் கேட்பதுபோலத்தான் தோன்றும்.

விளக்கம் எங்கேயுமே இல்லையா? இருக்கிறது. பதிவுபெற்ற வாக்காளர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் ஒரு விளக்கப் புத்தகம் அனுப்பும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் சட்டமன்றக் குழுவின் நடுநிலை விளக்கம், அப்புறம் ஆதரித்தும் எதிர்த்தும் பொதுமக்கள் கட்டணம் கட்டி எழுதிய வாதங்கள். பழைய பேப்பர் கட்டோடு அதைத் தூக்கிப் போடாமல் ஒரு தடவை புரட்டுங்கள்.

இதுவரை மக்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்?

1998இல் ஆம் என்றார்கள். அதன் பிறகு பல முறை கேட்டும் கிடைக்கவில்லை. உதாரணத்துக்கு, 2006இல் 36,000 டாலர் கேட்டு முன்மொழிவு 302 வந்தது, தோற்றது. 2008இல் 30,000 போதும் என்று இறங்கி வந்தது முன்மொழிவு 300. நாடே நிதி நெருக்கடியில் தத்தளித்த நவம்பர் அது. அதுவும் தோற்றது. 2014இல் 35,000. மூவரில் இருவர் "இல்லை" என்றார்கள்.

1998இல் மட்டும் எப்படி மனம் இளகியது என்று கேட்பவர்கள் உண்டு. அதே தேர்தலில்தான் வேட்பாளர்களுக்குப் பொதுப் பணத்தில் பிரசாரச் செலவு தரும் தூய்மைத் தேர்தல் சட்டத்தையும் மக்கள் நிறைவேற்றினார்கள். மக்கள் நிறைவேற்றிய சட்டத்தில் சட்டமன்றம் எளிதில் கைவைக்க முடியாதபடி ஒரு பூட்டையும் போட்டார்கள். அரசியலைச் சுத்தம் செய்யும் மனநிலையில் இருந்த வாக்காளர்கள், நியாயமான சம்பளத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அரிசோனா வாக்காளர்கள் கஞ்சர்களா?

இந்தக் கேள்விக்காகவே 2006ஆம் ஆண்டு வாக்குச்சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் முன்மொழிவு 202 என்று ஒன்று இருந்தது. குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 6.75 டாலராக உயர்த்தி, அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் விலைவாசிக்கேற்ப அது தானாக ஏற வேண்டும் என்றது. மக்கள் தாராளமாக ஆதரித்தார்கள். எம்.எல்.ஏ. சம்பளம் கேட்ட 302 அதே சீட்டில், சற்றுத் தள்ளி இருந்தது. அதற்கு "இல்லை". அதாவது, விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்ற நியாயம் அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. யாருக்கு என்பதில்தான் வேறுபாடு.

அதன் விளைவு எங்கே போய் நின்றது பாருங்கள். 2007 ஜனவரியில் முழுநேரம் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14,000 டாலர். எம்.எல்.ஏ. அதைவிட 10,000 டாலர் மேலே இருந்தார். 2016இல் மக்கள் மறுபடி ஒரு வாக்கெடுப்பில் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினார்கள். 2020 ஜனவரியில் அது மணிக்கு 12 டாலர் ஆனது. ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்று பெருக்கினால் 24,960. ஹாம்பர்கர் கடையில் முழுநேரம் நிற்கும் பையன் தன் தொகுதி செனட்டரைச் சம்பளத்தில் தாண்டிய ஆண்டு அது. 2025இல் மணிக்கு 14.70, ஆண்டுக்கு 30,576. இடைவெளி ஜனவரிக்கு ஜனவரி கூடிக்கொண்டே போகிறது. இரண்டையும் எழுதியது ஒரே வாக்காளர்களின் கைதான்.

செலவுப்படி என்பது தனியா? அதற்கும் வாக்கெடுப்பு உண்டா?

தனி. வாக்கெடுப்பு கிடையாது. சம்பளத்தை உயர்த்த மக்கள் வேண்டும். தினப்படியை உயர்த்த, வேறெந்த மசோதாவையும் போல இரு அவைகளிலும் பெரும்பான்மையும் ஆளுநர் கையெழுத்தும் போதும்.

நீண்டகாலம் இருந்த கணக்கு இது: தலைநகர் ஃபீனிக்ஸ் இருக்கும் மேரிகோபா கவுண்டிக்காரர்களுக்கு நாளொன்றுக்கு 35 டாலர், வெளியூர்க்காரர்களுக்கு 60 டாலர். சனி ஞாயிறும் சேர்த்தே கணக்கு. கூட்டத்தொடரின் 120ஆவது நாள் வரைதான் இந்த விகிதம். அதற்குப் பின் 10 டாலராகவும் 20 டாலராகவும் இறங்கிவிடும். சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று பையில் கைவைத்துச் சொல்லும் ஏற்பாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோடு கிழித்தது தூரத்தை வைத்து இல்லை, கவுண்டி எல்லையை வைத்து. கீலா பெண்ட் ஃபீனிக்ஸிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனால் மேரிகோபாவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து வருபவர் உள்ளூர்க்காரர். அப்பாச்சி ஜங்ஷன் அதில் பாதித் தூரம்தான், ஆனால் பெரும்பகுதி பினால் கவுண்டியில். அங்கிருந்து தினமும் வேலைக்கு ஃபீனிக்ஸ் போய் வருபவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எம்.எல்.ஏ. என்றால் மட்டும் அவர் வெளியூர்க்காரர்.

அந்தப் படியை யாராவது உயர்த்தினார்களா?

2019இல் சட்டமன்றம் ஒரு உயர்வை நிறைவேற்றியது. ஆளுநர் டக் டூசி ரத்து செய்தார். பதவியில் இருப்பவர்கள் தங்களுக்கே உயர்த்திக்கொள்வது சரியில்லை, அடுத்து வருபவர்களுக்கென்று கொண்டுவாருங்கள் என்பது அவர் நிலை. 2021இல் வேறு வடிவில் கொண்டுவந்தார்கள், கையெழுத்தானது. மேரிகோபாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு, மத்திய அரசு தன் ஊழியர்களின் பயணத்துக்கு ஃபீனிக்ஸுக்கு நிர்ணயித்திருக்கும் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு விகிதமே பொருந்தும் என்றார்கள். 120 நாளுக்குப் பிறகு அதில் பாதி. மேரிகோபாக்காரர்களுக்குப் பழைய 35 டாலரே தொடர்ந்தது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஃபீனிக்ஸ் ஹோட்டல் வாடகை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்குப் பயந்து வரும் வடமாநிலத்து ஆட்கள், பேஸ்பால் பயிற்சி ஆட்டம் பார்க்க வரும் கூட்டம், கோல்ஃப். சட்டமன்றம் கூடுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே மத்திய விகிதமும் அப்போது உச்சத்தில் இருக்கும்: நாளொன்றுக்கு 200 டாலருக்கு மேல். குத்துமதிப்பாக 200 என்றே வைத்து 120 நாளுக்குப் போட்டுப் பாருங்கள். 24,000 டாலர் வருகிறது. மக்கள் தலையசைத்தால்தான் உயரும் என்று பூட்டிவைத்த ஆண்டுச் சம்பளத்துக்குச் சமமான தொகை, மேரிகோபாவுக்கு வெளியே இருந்து வரும் உறுப்பினர்களுக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து சேர்ந்துவிட்டது.

தலைநகரிலிருந்து 50 மைலுக்கு மேல் வீடு உள்ள மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு, இந்தப் படிக்கு மத்திய வருமான வரியிலும் சலுகை உண்டு. சம்பளத்துக்கு அது கிடையாது.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். யூமாவிலிருந்து வரும் ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். யூமாவுக்கும் ஃபீனிக்ஸுக்கும் சுமார் 300 கிலோமீட்டர், பாலைவனச் சாலையில் மூன்று மணி நேரம். திங்கள் முதல் வியாழன் வரை அவையில் இருக்க வேண்டும். தினமும் போய் வர முடியாது. அறை எடுக்கத்தான் வேண்டும். ஜனவரியிலிருந்து மே, ஜூன் வரை பள்ளிக்கூடம் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு தராது. பழைய 60 டாலரில், அதே மாதங்களில், ஃபீனிக்ஸில் எங்கே தங்குவது? அவருக்கு 2021 மாற்றம் நியாயமான உதவிதான்.

என் குறை வேறு. படி என்பது செலவை ஈடுகட்டத்தான், வருமானமாக நினைத்துக் கொடுப்பதில்லை. அதே ஆசிரியர் ஃபீனிக்ஸை ஒட்டிய மேசாவில் இருந்தால்? அவருக்கு அறை வாடகை இல்லை, சரி. ஆனால் வேலையை விட்ட சம்பள இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். மேசாக்காரருக்கு 24,000மும் 120 நாளுக்கு 4,200 டாலர் படியும். அதில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பகல்நேரக் காப்பகமும் போகாது. ஆகவே அவர் தேர்தலில் நிற்கவே மாட்டார். நிற்பவர்கள் ஓய்வுபெற்றவர்கள், சொந்தத் தொழில் உள்ளவர்கள், வழக்கறிஞர்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், துணைவரின் சம்பளத்தில் வீடு ஓடுபவர்கள். அவர்கள் தப்பானவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சம்பளக் கேள்விக்கு "இல்லை" என்று போடும்போது, நாம் வேட்பாளர் பட்டியலையும் சேர்த்தே திருத்துகிறோம்.

பகுதி நேர வேலைதானே, அதற்கு ஏன் முழுச் சம்பளம்?

விதிப்படி பகுதி நேரம்தான். ஜனவரி இரண்டாம் திங்கள் கூடி, நூறாவது நாள் வரும் வாரத்தின் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்பது அவை விதி. அதை நீட்டிக்கவும் விதி உண்டு, நீட்டித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஜூன் 30க்குள் பட்ஜெட் முடிய வேண்டும், பெரும்பாலும் அந்த இழுபறிதான் காரணம். 2023 கூட்டத்தொடர் ஜூலை 31 வரை போனது. 204 நாள், மாநில வரலாற்றிலேயே நீளமானது. வருடத்தில் பாதிக்கு மேல் வா என்று சொல்லும் பகுதி நேர வேலைக்கு, மீதி மாதங்களில் யார் வேலை கொடுப்பார்கள்?

சம்பளம் குறைவாக இருந்தால் லஞ்சம் வாங்க மாட்டார்களா?

இங்கே இந்தக் கேள்வி வந்தாலே பழைய ஆட்கள் "ஆஸ்ஸ்கேம்" என்பார்கள். 1991இல் வெளிவந்த லஞ்ச ஊழல் அது. ஃபீனிக்ஸ் போலீஸ் ஒரு போலி சூதாட்டத் தரகரை அனுப்பி, சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்க ஆதரவு கேட்க வைத்தது. எம்.எல்.ஏ.க்கள் பணம் வாங்கியது வீடியோவில் பதிவானது. ஏழு பேர் மீது வழக்கு. ஒருவர் 50,000 டாலருக்கு மேல் நோட்டுக் கட்டுகளை ஜிம் பையில் திணித்துக்கொண்டு போனார். ஊரே அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அப்போது சம்பளம் 15,000 டாலர்.

ஆனால் அதே 15,000 வாங்கிய மற்ற எண்பது சொச்சம் பேர் அந்தப் பையைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கூட்டினால் லஞ்சம் ஒழியும் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த வாதத்துக்குப் போங்கள்.

உயர்த்தினால் வரி கட்டுபவருக்கு எவ்வளவு?

2014 கணக்கையே பார்க்கலாம். தலைக்கு 11,000 கூடுதல், 90 பேர், மொத்தம் 9,90,000 டாலர். அப்போதைய மாநில மக்கள்தொகை சுமார் 67 லட்சம். ஆளுக்கு 15 சென்ட். பணத்தை வைத்து இந்த வாக்கெடுப்பில் யாரும் முடிவெடுப்பதில்லை என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

மற்ற மாநிலங்கள் எப்படி?

பலவிதம். நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் முழுமைக்கும் 200 டாலர். 1889இல் அரசியல் சட்டத்தில் எழுதியது, இன்னும் மாறவில்லை. பேரவையில் மட்டும் 400 பேர். நெப்ராஸ்காவில் ஒரே அவை, 49 பேர், ஆண்டுக்கு 12,000 டாலர். 1988இல் மக்கள் ஒப்புக்கொண்டது. 2012இல் 22,500 கேட்டார்கள், கிடைக்கவில்லை. டெக்சாஸில் மாதம் 600 டாலர், 1975 வாக்கெடுப்பிலிருந்து. அங்கும் அரிசோனா கதைதான்: சம்பளத்தை உயர்த்த மக்கள் ஒப்ப வேண்டும், தினப்படியை மட்டும் ஒரு நெறிமுறை ஆணையமே உயர்த்தலாம். போதாததற்கு, டெக்சாஸ் எம்.எல்.ஏ.க்களின் ஓய்வூதியம் நீண்டகாலம் அவர்கள் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படவில்லை, மாவட்ட நீதிபதியின் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. 600 டாலர் மாதச் சம்பளக்காரருக்கு நீதிபதி கணக்கில் ஓய்வூதியம். முன்வாசலைச் சாத்திவைத்த வீட்டில் கொல்லைக் கதவு எப்போதும் அகலம்தான்.

ஏதாவது மாநிலத்தில் மக்கள் உயர்த்தியிருக்கிறார்களா?

அர்கன்சாஸ். அதுவும் அரிசோனா 304ஐத் தோற்கடித்த அதே நாளில், 2014 நவம்பர் 4.

அங்கே வாக்குச்சீட்டில் வந்தது மூன்றாம் எண் திருத்தம். தலைப்பில் நெறிமுறை, வெளிப்படைத்தன்மை என்று பெரிய பெரிய சொற்கள். உள்ளே செல்வாக்குத் தரகர்களிடமிருந்து பரிசு வாங்கத் தடை, பதவிக்கால வரம்பில் தளர்வு, அவற்றோடு ஒரு சுயேச்சைக் குடிமக்கள் ஆணையம். சம்பளம் எவ்வளவு என்று எங்கும் எண் கிடையாது. சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறியது. சில மாதங்களில் அந்த ஆணையம் கூடி, 15,869 டாலராக இருந்த சம்பளத்தை 39,400 ஆக்கியது. இரண்டரை மடங்கு!

அரிசோனா நேர்மையாக இரண்டு எண்ணை அடுத்தடுத்து எழுதிக் கேட்டது, தோற்றது. அர்கன்சாஸ் எண்ணையே சொல்லாமல் கேட்டது, ஜெயித்தது. அர்கன்சாஸ் வாக்காளருக்குத் தான் எதற்கு ஆம் சொன்னோம் என்று தெரிந்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் அந்த 39,400 நியாயமான தொகை என்றே நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆணையமே முடிவு செய்தால் கண்டபடி ஏற்றிவிடாதா?

ஏற்றியும் இருக்கிறார்கள், இறக்கியும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1990 வாக்கெடுப்பில் மக்கள் உருவாக்கிய ஆணையம் உண்டு. 2009இல் மாநிலம் கடனில் மூழ்கியபோது அதே ஆணையம் எம்.எல்.ஏ. சம்பளத்தை 18 சதவீதம் வெட்டியது: 1,16,208 டாலரிலிருந்து 95,291. அதே ஆண்டு மே மாதத்தில் ஆறு முன்மொழிவுகள் வாக்குக்கு வந்திருந்தன. ஐந்தை மக்கள் தூக்கி எறிந்தார்கள். ஒன்று மட்டும் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு ஜெயித்தது: பற்றாக்குறை ஆண்டில் எம்.எல்.ஏ.க்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது என்பது.

"இல்லை" என்று போடுபவர்களின் நியாயம் என்ன?

எங்கள் வீட்டிலேயே கேட்டு எழுதலாம். 2014இல் நான் ஆம், என் மனைவி இல்லை. "சேவைன்னுதானே ஓட்டு கேட்டு வந்தாங்க? சம்பளம் பத்தாதுன்னு நிக்கும்போதே தெரியாதா?" என்றாள். அப்புறம், "பள்ளிக்கூடத்துக்குக் காசு இல்லைன்னு சொன்ன கையாலேயே இவங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுக்கணுமா?" என்றாள். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. நிதி நெருக்கடி வருடங்களில் அரிசோனா பள்ளிகளுக்கான பணத்தைக் கடுமையாக வெட்டியது உண்மை. ஆசிரியர்கள் 2018இல் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தலைநகரில் திரண்டதற்கு அந்தக் கோபம்தான் காரணம்.

தொழில்முறை அரசியல்வாதி வேண்டாம், ஊரில் வேலை பார்த்துக்கொண்டே வந்து போகும் குடிமகன் போதும் என்ற பழைய நம்பிக்கையும் இங்கே பலமாக உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. 204 நாள் கூட்டத்தொடரில் அந்தக் குடிமகன் எப்போது ஊருக்குப் போய் வேலை பார்ப்பார் என்றுதான் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இப்படி வாக்கெடுப்பு உண்டா?

கிடையாது. இந்திய அரசியல் சட்டத்தின் 195ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. 2017 ஜூலையில் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்த்தியது அவையில் முதல்வர் அறிவித்த அறிவிப்பு. விருந்தில் இதைச் சொன்னபோது, "அப்ப இங்க இருக்கிறதே மேல்" என்றார் ஒருவர். "அங்கே இருக்கிறதுதான் மேல், வேலையாவது நடக்கும்" என்றார் இன்னொருவர். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன், இதில் வாக்களிக்கலாமா?

கூடாது. உள்ளூர் விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். குடிமகன் ஆகாமல் பதிவு செய்தாலோ வாக்களித்தாலோ பிற்பாடு குடியுரிமைக்கே ஆபத்து. அரிசோனாவில் வாக்காளராகப் பதியும்போது குடியுரிமைச் சான்றும் கேட்பார்கள்.

சம்பளக் கேள்வி வந்தால், முடிவு செய்ய முடியாமல் வெறுமையாக விட்டுவிட்டால் சீட்டு செல்லாமல் போகுமா?

போகாது. மற்ற வட்டங்கள் எல்லாம் எண்ணப்படும். அந்த ஒரு முன்மொழிவில் மட்டும் நீங்கள் எந்தப் பக்கமும் இல்லை. ஆம், இல்லை என்று போட்டவர்களில் யார் அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். மினசோட்டாவில் இருக்கும் உறவினரிடம் கேட்டுக்கொண்டு செய்யாதீர்கள், அங்கே அரசியல் சட்டத் திருத்தத்தை வெறுமையாக விட்டால் அது "இல்லை" என்றே கணக்காகும். தபாலில் அனுப்புபவர்கள் உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்க வேண்டாம். தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் சீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைய தேதியில் தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும் என்பது இங்கே செல்லாது.